கோடை வெயிலில் குளிர்ந்து கிடக்கும் ஏரி

படகு விடும் பருவம் உச்சத்தில் இருக்கும் ஜூலை மாதத்து நண்பகல். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். படகுத்துறையின் மரப்பலகை வெறுங்காலைச் சுடுகிறது. அந்தப் பலகையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டால், ஒரு நிமிடம் முடிவதற்குள் கணுக்கால் எலும்பு வலிக்கத் தொடங்குகிறது. நீரின் வெப்பநிலை 9 டிகிரி. வட அமெரிக்காவின் பேரேரிகளில் படகு விடுகிறவர்கள் அவ்வப்போது சந்திக்கும் நிலைதான் இது. ஆனால் முதன்முறையாகக் காண்பவருக்கு, வெயிலும் தண்ணீரும் இருவேறு மாதங்களில் இருப்பதுபோலத் தோன்றும்.

அந்தத் தோற்றத்தில் உண்மையும் இருக்கிறது. ஏரி தனக்கென ஒரு நாட்காட்டியை வைத்திருக்கிறது; அது வானத்தின் நாட்காட்டியைவிடப் பல வாரங்கள் பின்தங்கியே நடக்கும். எனினும் கோடை நீர் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருப்பதற்கு இந்தத் தாமதம் மட்டுமே காரணம் அன்று. இருவேறு காரணங்கள் உண்டு. ஒன்று, கடந்த குளிர்காலம் விட்டுச்சென்ற பாக்கி: அந்த ஆண்டு முழுவதும் ஏரி மெதுவாகச் சூடேறும். மற்றொன்று காற்றின் வேலை: நேற்றுவரை குளிக்க ஏற்றதாக இருந்த கரை, ஒரே இரவில் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இந்தக் குளிர் புதிராகவே நின்றுவிடுகிறது.

முதல் காரணத்தைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கு ஒன்று போதும். ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, ஏறத்தாழ 3,500 கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கிவிடலாம். மேகமில்லாத ஒரு கோடை நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் சூரிய ஆற்றல் சுமார் 25 மெகாஜூல். அது முழுவதையும் நீர் உறிஞ்சிக்கொள்வதாகவும், ஆவியாதல் முதலிய இழப்புகள் எதுவும் இல்லை என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சராசரியாக 19 மீட்டர் ஆழமுள்ள ஈரி ஏரியில், மேலிருந்து அடிவரை உள்ள நீர் அந்த ஒரு நாளில் 0.3 டிகிரி சூடேறும். சராசரியாக 147 மீட்டர் ஆழமுள்ள சுப்பீரியர் ஏரியில் அதே வெயில் 0.04 டிகிரிக்குத்தான் போதுமானது. இரண்டும் பேரேரிகள் என்ற ஒரே பெயருக்குள் அடங்கினாலும், ஒன்று ஜூலையில் நீந்துவதற்கு ஏற்ற ஏரியாகவும் மற்றொன்று அதே ஜூலையில் நடுக்கம் தரும் ஏரியாகவும் இருப்பதன் விளக்கத்தில் பெரும்பகுதி இந்த ஆழக் கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. வெயில் மேற்பரப்பில்தானே விழுகிறது, சூடான நீர் மேலேதானே மிதக்கும், அப்படியிருக்க ஏன் அடிவரை உள்ள நீரையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும்? விடை, நீருக்கே உரிய ஒரு விசித்திரமான பண்பில் இருக்கிறது. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நன்னீரோ 4 டிகிரியில் உச்ச அடர்த்தியை எட்டி, அதற்குக் கீழே குளிரும்போது மீண்டும் இலேசாகிறது. ஆகவே குளிர்காலம் முடியும் தறுவாயில் 2 டிகிரியில் இருக்கும் ஏரியின்மேல் வெயில் பட்டால், சூடேறிய மேல்நீர் மிதப்பதில்லை. முன்பைவிடக் கனமாகி மூழ்குகிறது. கீழிருந்து குளிர்ந்த நீர் அதன் இடத்துக்கு ஏறி வருகிறது. அதுவும் சூடேறி மூழ்குகிறது. மேலிருந்து கீழ்வரை மொத்த நீரும் 4 டிகிரியை நெருங்கும்வரை இந்தச் சுழற்சி ஓயாது. அதுவரை வானம் எவ்வளவு வாரி வழங்கினாலும் மேற்பரப்பில் எதுவும் தங்காது. சுப்பீரியரைப் போன்ற ஆழத்தில் நீர் 2 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு உயர, மேலே சொன்ன தாராளக் கணக்கின்படியே ஐம்பது தெளிவான நாட்கள் வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் அங்கிருந்து புறப்பட்டால் ஜூன் மாதம் கழிந்துவிடும். அந்த ஏரியின் நடுப்பகுதி ஜூன் இறுதியிலும் 4 டிகிரியைச் சுற்றியே நின்றுகொண்டிருப்பது இதனால்தான்.

கரையோரத்தின் கதை வேறு. ஆழம் குறைந்த அந்த நீர் முன்கூட்டியே 4 டிகிரியைத் தாண்டிச் சூடேறத் தொடங்கிவிடும். கரையின் சூடான நீரும் நடுவேரியின் குளிர்ந்த நீரும் சந்தித்துக் கலக்கும் இடத்தில் 4 டிகிரி நீர் உருவாகி, இருபுறத்து நீரைவிடவும் கனமாக இருப்பதால் அங்கேயே மூழ்குகிறது. செங்குத்தான ஒரு சுவர்போல நிற்கும் இந்த எல்லை வசந்தகாலம் முழுவதும் கரையிலிருந்து மெல்ல நடுவேரியை நோக்கி நகரும். படகில் போகிறவர் இந்தச் சுவரைக் கண்ணால் பார்ப்பதில்லை. துறைக்கு அருகே கையை விட்டுப் பார்த்து, பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டு போனவர், சில கிலோமீட்டர் தள்ளி முற்றிலும் வேறொரு நீரின்மேல் மிதந்துகொண்டிருப்பார்.

குளிர்காலம் கடுமையாக இருந்த ஆண்டுகளில் இந்தத் தாமதம் இன்னும் நீள்கிறது. 2014 மார்ச் மாதத்தில் பேரேரிகளின் மொத்தப் பரப்பில் 92 விழுக்காட்டுக்கும் மேல் பனிக்கட்டி மூடியிருந்தது. 1979-க்குப் பிறகு அந்த அளவு பனி படர்ந்ததில்லை. சுப்பீரியர் ஏரியில் ஜூன் தொடக்கம்வரை பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் எல்லோரும் பனிக்கட்டியையே குற்றவாளியாக்குவார்கள். அது முழு உண்மை அன்று. அரை மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டியை உருக்கச் சதுர மீட்டருக்கு 150 மெகாஜூல் அளவு உள்ளுறை வெப்பம் தேவை. அதாவது ஏறத்தாழ ஆறு தெளிவான நாட்களின் வெயில். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த வெண்பரப்பு ஏப்ரல், மே மாதத்து வெயிலின் பெரும்பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதால் நேர்கிறது. திறந்த கருநீர் விழுங்கியிருக்கக்கூடிய வெப்பம் ஏரிக்குள் நுழையாமலே போய்விடுகிறது. பனி விலகும் நாளில் மற்ற ஆண்டுகளைவிடக் குளிர்ந்த நீரோடு, மற்ற ஆண்டுகளைவிடத் தாமதமாகத் தன் பயணத்தைத் தொடங்கும் ஏரி, கோடை முடியும்வரையிலும் அந்த இடைவெளியை முழுமையாக ஈடுசெய்ய முடியாமல் திணறும்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், படகு விடுகிறவருக்கு இதுவே முக்கியமானது. ஏனென்றால் முதலாவது காரணம் பருவம் முழுவதும் கண்முன் நின்று எச்சரிக்கிறது, இரண்டாவது எச்சரிப்பதில்லை.

நீர் 4 டிகிரியைத் தாண்டியவுடன் ஆட்டத்தின் விதி மாறுகிறது. இப்போது சூடேறும் நீர் இலேசாகி மேலேயே தங்கும். வெயிலின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது மேல் ஒரு மீட்டர் நீரிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. காற்றும் அலையும் அந்தச் சூட்டைச் சில மீட்டர் ஆழம்வரை கலக்கிவிடுகின்றன. அதற்குக் கீழே வெப்பநிலை சட்டென்று சரிகிறது. இன்னும் கீழே, குளிர்காலம் விட்டுப்போன நீர் கோடை முழுவதும் 4 அல்லது 5 டிகிரியில் அசையாமல் கிடக்கிறது. நடுவில் உள்ள அந்தச் சரிவு அடுக்குக்குத் தெர்மோகிளைன் என்று பெயர். விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா ஏரியை ஆராய்ந்த எட்வர்ட் பர்ஜ் 1897-இல் அந்தச் சொல்லை வழங்கினார். நின்றபடி நீந்தும்போது மார்பளவில் இதமும் பாதத்தில் ஊசிக் குத்தலும் தெரிகிறதென்றால், பாதம் அந்த அடுக்கைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

ஆக, கோடை ஏரி என்பது குளிர்ந்த பெரும் நீர்த்திரளின்மேல் போர்த்திய மெல்லிய வெதுவெதுப்பான போர்வை. அந்தப் போர்வை எவ்வளவு எளிதில் நழுவக்கூடியது என்பதற்கு ஒரு கணக்கு. 20 டிகிரி நீருக்கும் 4 டிகிரி நீருக்கும் இடையே ஆயிரம் லிட்டருக்கு 2 கிலோகூட எடை வேறுபாடு இல்லை. நீளமான ஓர் ஏரியில் காற்று ஒரே திசையில் விடாமல் வீசினால் மேல்நீர் எதிர்முனையில் போய்க் குவிகிறது. அங்கே நீர்மட்டம் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது என்று கொள்வோம். அந்தக் கூடுதல் எடையைச் சமன்செய்ய, கீழே உள்ள எல்லை அந்த முனையில் ஐந்து மீட்டருக்கு மேல் அமுங்கியாக வேண்டும். ஏனெனில் இரு நீருக்கும் உள்ள எடை வேறுபாடு அவ்வளவு அற்பமானது. ஒரு முனையில் அமுங்கினால் மறுமுனையில் உயரத்தானே வேண்டும்? காற்று புறப்படும் பக்கத்துக் கரையில் குளிர்ந்த நீர் மேலேறி வந்து, போர்வை மெல்லியதாக இருந்தால் மேற்பரப்பையே எட்டிவிடுகிறது. மேலே ஒரு சென்டிமீட்டர், கீழே ஐந்து மீட்டர்: நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

காற்று நின்றதும் சாய்ந்த எல்லை தன் நிலைக்குத் திரும்பி, அங்கே நிற்காமல் மறுபுறம் சாய்ந்து, ஊஞ்சல்போல ஆடத் தொடங்கும். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாட்சன் என்பவர் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்து, 1904-இல் இந்த உள்ளலையை வெளிக்கொணர்ந்தார். அந்த ஏரியின் பெயரைச் சொன்னாலே, அதில் வாழ்வதாகக் கதைகள் சொல்லும் மர்ம விலங்கைத் தேடத் தோன்றும் என்பது உண்மைதான். ஆயினும் அதன் ஆழத்தில் நாள்கணக்கில் அசைந்தாடும் இந்தக் கண்காணாத அலை எந்தக் கற்பனை விலங்குக்கும் குறைந்ததன்று.

பேரேரிகளைப் போன்ற அகன்ற நீர்ப்பரப்பில் பூமியின் சுழற்சியும் இதில் கலந்துகொள்கிறது. வட அரைக்கோளத்தில், காற்றால் தள்ளப்படும் மேல்நீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்கு வலப்புறமாகத் திரும்புகிறது. கோரியாலிஸ் விளைவு என்பது இதன் பெயர். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மிச்சிகன் ஏரியை எடுத்துக்கொள்வோம். தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பலமான காற்று ஓரிரு நாள் தொடர்ந்து வீசினால், மேல்நீர் வலப்புறமாக, அதாவது கிழக்கு நோக்கி நகர்கிறது. மில்வாக்கி நகரம் இருக்கும் மேற்குக் கரையிலிருந்து சூடான நீர் விலகிச் செல்ல, அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலே வருகிறது. கிழக்குக் கரையில் இதே விளைவை வடக்கிலிருந்து வரும் காற்று உண்டாக்கும். இதன் பொருள் என்னவென்று கவனிக்க வேண்டும். கோடையில் தெற்குக் காற்றுதான் அப்பகுதிக்கு வெப்பத்தைக் கொண்டுவருவது. வெயில் கொளுத்தி, மக்கள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வரும் அதே நாட்களில்தான் மேற்குக் கரையின் நீர் மிகவும் குளிர்ந்து போகிறது. தென்றலை இதத்துக்கும் வாடையை நடுக்கத்துக்கும் பெயராக வைத்த மொழியில் யோசிக்கிறவருக்கு, அந்தக் கரையில் கணக்கு தலைகீழாகத்தான் தெரியும்.

இவ்வாறு மேலெழும் குளிர்நீர் ஏரி முழுவதும் பரவுவதில்லை. கரையையொட்டிச் சில கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாக அது நீண்டு கிடக்கும். ஆகையால் வசந்தகாலத்தில் கண்ட காட்சி இப்போது எதிர்மாறாகிறது: அப்போது கரை சூடாகவும் நடுவேரி குளிர்ந்தும் இருந்தன, இப்போது கரை குளிர்ந்தும், சற்றுத் தள்ளிய நீர் சூடாகவும் இருக்கின்றன. மீன்பிடிப்பவர்களுக்கு இதில் வருத்தமில்லை. ஆழத்தில் வாழும் சால்மன் முதலிய குளிர்நீர் மீன்கள் இந்தப் பட்டையோடு கரைக்கு மிக அருகே வந்துவிடுவதால், அத்தகைய நாட்களில் அலைதாங்கிச் சுவரின்மேல் தூண்டில்கள் வரிசையாக நிற்கும்.

குளித்துக் களிக்க முடியவில்லை என்பதோடு இந்தக் குளிர் நின்றுவிட்டால் கவலையில்லை. படகிலிருந்து தவறி விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும். தோல் திடீரென்று குளிர்ந்ததும், மனம் கட்டுப்படுத்த முடியாத ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால், முதல் மூச்சே தண்ணீர்தான். தொடர்ந்து சுமார் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். இதற்குப் பனிநீர் தேவையில்லை. 10 முதல் 15 டிகிரி நீரிலேயே இந்த அதிர்ச்சி ஏறத்தாழ அதன் உச்சத்தை எட்டிவிடுகிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை ‘ஒன்று, பத்து, ஒன்று’ என்ற வாய்பாடாகப் பரப்பினார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால்கள் சொன்னபடி கேட்பதற்குப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். உறைநிலையை ஒட்டிய நீருக்கான தோராயக் கணக்கு இது. 9 டிகிரி நீரில் அவகாசம் சற்றுக் கூடலாம், வரிசை மாறாது.

கவனிக்க வேண்டியது அந்த வரிசையைத்தான். உடல் வெப்பம் குறைந்து உயிர் போகும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் பலர் அந்தக் கட்டத்தை எட்டுவதே இல்லை. முதல் நிமிடத்திலோ, விரல்கள் மரத்துக் கயிற்றைப் பற்ற முடியாமல் போகும் அடுத்த சில நிமிடங்களிலோ மூழ்கிவிடுகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கில்லை. உயிர்காப்புச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதற்கும் உடலில் அணிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது: மரத்த விரல்களால், மூச்சிரைக்க, நீருக்குள் மிதந்துகொண்டு அதன் கொக்கிகளைப் பூட்ட முடியாது. விழுந்தவுடன் நீந்த முயலாமல், முகத்தை மேலே வைத்து மூச்சு சீராகும்வரை மிதக்க வேண்டும். பிறகு, கைகள் இயங்கும்போதே படகின்மேல் ஏற முயல வேண்டும். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதை விட்டுக் கரையை நோக்கி நீந்துவது பெரும்பாலும் தவறான முடிவு. நீருக்குள் இருக்கும் உடல், அதே வெப்பநிலையுள்ள காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தை இழப்பதால், நீரிலிருந்து எவ்வளவு உடல் வெளியே இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.

உடை விஷயத்தில், கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகை ஓட்டுபவர்களிடையே ஒரு பழைய விதி உலவுகிறது. காற்றின் வெப்பநிலையையும் நீரின் வெப்பநிலையையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டி, 120-க்குக் குறைவாக வந்தால் மட்டும் வெட்சூட் என்னும் நீர்க்காப்பு உடையை அணிய வேண்டும் என்பது அதன் சாரம். கோடையில் இதைப் போட்டுப் பாருங்கள்: காற்று 85, நீர் 45, மொத்தம் 130. சாதாரணச் சட்டையே போதும் என்று விதி அனுமதிக்கிறது. 45 ஃபாரன்ஹீட் என்பதோ 7 டிகிரி செல்சியஸ். நீருக்குள் விழுந்தவருக்கு மேலே காற்று எவ்வளவு சூடாக இருந்தால் என்ன? இந்த விதியை மறந்துவிடுவதே நல்லது. உடையை முடிவு செய்ய வேண்டியது நீரின் வெப்பநிலை ஒன்றுதான்.

குளிர்நீர் இன்னொரு வேலையும் செய்கிறது. வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் நகரும்போது அடிப்பகுதி குளிர்ந்து மூடுபனியாகிறது. கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கிலோமீட்டர் தள்ளிப் படகின் முனைகூடத் தெரியாத வெண்மை சூழ்ந்துகொள்ளலாம். தெளிந்த கோடை நாளில் நீரையொட்டித் தாழ்வாகப் பனிப்படலம் தெரிந்தால், அங்கே குளிர்நீர் மேலெழுந்திருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

வெப்பநிலையை எங்கே பார்ப்பது என்பதிலும் சிறு நுணுக்கம் உண்டு. செயற்கைக்கோள் வரைபடங்கள் ஏரி முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். பருவம் தாமதமா இல்லையா என்று அறிய அவை மிகச் சிறந்தவை. ஆனால் மேகம் மறைத்த இடங்களை முந்தைய நாட்களின் பதிவுகளால் நிரப்பித் தயாரிக்கப்படுவதால், நேற்றிரவு காற்று செய்த வேலை அவற்றில் தெரியாமல் போகலாம். அதற்கு ஏரியில் நங்கூரமிட்ட மிதவைகளின் மணிவாரி அளவீடுகளே துணை. அவையும் தாம் நிற்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே சொல்லும்.

எல்லாவற்றையும்விட எளிய கருவி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிய வெப்பமானி. ஆழத்தில் காட்டிய எண் மேலே இழுத்து வருவதற்குள் மாறிவிடாமல் இருக்க, அதைக் கழுத்து குறுகிய, சற்றுக் கனமான புட்டிக்குள் வைத்து இறக்கி, சில நிமிடம் பொறுத்து நீரோடு சேர்த்து மேலே தூக்க வேண்டும். மேற்பரப்பில் 20 டிகிரியும் பத்து மீட்டர் ஆழத்தில் 18 டிகிரியும் காட்டினால் போர்வை தடிமனாக இருக்கிறது. ஒரு நாள் காற்று அதை எளிதில் விலக்கிவிடாது. மேற்பரப்பில் அதே 20 டிகிரி இருந்து, நான்காவது முடிச்சிலேயே 8 டிகிரி காட்டினால், நாளைய காற்று எந்தத் திசையிலிருந்து வீசப்போகிறது என்று இன்றிரவே பார்த்துவைக்க வேண்டும்.